நான் உரோஞ்சிக் கெடுத்த மணிக்கட்டு

என் மகனுக்கு, உன் உம்மாவின் சலாம். அந்த வெயில் நாட்டில் அல்லாஹ் உன்னைக் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் றிஸ்னாவும் உன் மகளும் அவனுடைய அருளால் நன்றாக இருக்கிறோம். றிஸ்னா பிள்ளைப்பேற்றின் நாற்பது குளித்து ஐந்து நாள் ஆகிறது.

உம்மா வொயிஸ் போடாமல் ஏன் கொப்பியில் எழுதியிருக்கிறா என்று நீ யோசிப்பாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து வரியில் நிற்காது, பொறுத்து வாசி. வொயிஸில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். பிறகு நீங்கள் எல்லாரும் அழுகையைக் கேட்டுவிட்டு விஷயத்தை விட்டுவிடுவீர்கள். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை, நம் குடும்பக் குரூப்பில் போடச் சொல்லித்தான் எழுதுகிறேன். அந்தக் குரூப்பில்தான் என் மருமகளைப் பற்றி நான் ஒரு பேச்சுப் பேசினேன். பேசிய இடத்திலேயே அதைத் திருப்பி எடுக்க வேண்டும். உன் கூடப்பிறந்த ராத்தாமாரும் காக்காவும் தம்பியும் வாசிக்கட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை மூத்த ராத்தா வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போவதாக நீ சொல்லியிருக்கிறாய். நீ லீவில் வரும்வரை மூன்று மாதம் பிள்ளை அவளிடம் இருக்கட்டும், புட்டிப்பால் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறாய். அவளும் தொட்டில் எல்லாம் கழுவி வைத்துவிட்டாள். "தன்ட கையையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவ பிள்ளைய எப்பிடிப் பார்ப்பா" என்று நீ றிஸ்னாவிடம் போனில் சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்கும் கேட்டது. மகன், அவளுடைய கையை அவள் கெடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன். இதைச் சொல்லத்தான் கொப்பியை எடுத்தேன். சொல்லிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி.

நம் ஊர்ப் பக்கம் வீடு என்பது பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவார். உன்னையும் அப்படித்தான் கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருதுக்கு அனுப்பினேன். பிள்ளைப்பேறு பார்ப்பது பெண்ணின் உம்மாவுடைய வேலை, மாப்பிள்ளையின் உம்மா பலகாரத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. றிஸ்னாவின் உம்மா இருந்திருந்தால் நானும் அப்படித்தான் வந்துபோயிருப்பேன். அந்த மனுசி மௌத்தாகி இரண்டு வருடம் ஆகிவிட்டதால்தான் மருமகள் வீட்டில் மாமி தங்குவதா என்று ஒழுங்கையில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல், அவளுக்கு எட்டு மாதம் முடிகிற நேரம் நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்த அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அஞ்சு பிள்ளை பெற்றவள், அதில் ஒரு நாள்கூட நோவென்று படுக்காதவள் என்று என்னைப் பற்றி நானே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதை அவளிடமும் சொன்னேன். ஒரு தரம் இல்லை, பல தரம்.

அப்போதே அவளுக்கு அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் நோவு. கட்டிலில் மறுபக்கம் கிறுகிப் படுக்கவே சன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து ஏறுவாள். கதிரையில் இருந்துதான் தொழுவாள். நான் அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் எல்லாம் நிறைமாதத்திலும் நிலத்தில்தான் தொழுதோம் என்று சும்மா சொல்வதுபோலச் சொன்னேன். அடுத்த லுஹர் தொழுகைக்கு அவள் கதிரையை விட்டு இறங்கி நிலத்தில் தொழுதாள். நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதுக்குப் போனவளால் எழும்ப முடியவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்து, கட்டில் காலைப் பிடித்து எழும்பினாள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டு நின்றேன். போய்ப் பிடித்திருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் உடம்பு என்று நினைத்துக்கொண்டு கறியைக் கிண்டினேன்.

பிள்ளை பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ், சுகமாகப் பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயச் சரக்கு இடித்தேன், பால்சுறாப் புட்டு அவித்தேன், வயிற்றுக்குச் சீலை கட்டினேன், எல்லாம் நன்றாகத்தான் போனது. பத்து நாளுக்குப் பிறகு அவளுக்கு வலக்கை மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக ஒரு நோவு தொடங்கியது. பிள்ளையைத் தூக்கும்போது முகம் சுருங்கும். கதவுக் குமிழைத் திருப்ப ஏலாது. நிறைமாதத்திலேயே விரல் விறைக்கிறது என்று சொன்னவள்தான். நான் கையைப் பார்த்தேன், உளுக்கு என்று முடிவுகட்டினேன்.

உளுக்குக்கு என் கை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கரைவலை இழுக்கிறவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. பந்தடித்து விழுந்த பிள்ளைகளும் வருவார்கள். என் கை பட்டால் மூன்று நாளில் சரி என்று ஊரில் ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரோடு நான் அவளுடைய கையையும் பிடித்தேன். எண்ணெயைச் சுட வைத்து, பெருவிரலால் அந்த நரம்பை அழுத்தி அழுத்தி, முழங்கைவரை இழுத்து இழுத்து உரோஞ்சினேன். மூன்று நாளில் சரியாகவில்லை. எனக்கு விட மனமில்லை. இன்னும் பலமாக உரோஞ்சினேன். பதினொரு நாள், ஒவ்வொரு நாளும் காலையில். அவள் சத்தம் போடவில்லை. "எப்பிடிகா இப்ப?" என்று கேட்பேன். "கொஞ்சம் சுகம் மாமி" என்பாள். கை வீங்கித்தான் இருந்தது. வீக்கம் இறங்கினால் சரியாகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பதினொரு நாளில் ஏழாம் நாள்தான் அந்தக் குளிப்பாட்டல். நான் தண்ணீர் ஊற்ற, அவள் பிள்ளையைப் பிளாஸ்டிக் பேசினிலிருந்து தூக்கினாள். தூக்கும்போதே கை விட்டுவிட்டது. ஒரு சாண் உயரம்தான், பிள்ளை தண்ணீரில் திரும்ப விழுந்தது, நான் அள்ளி எடுத்துவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இரண்டு தரம் இருமிவிட்டு என் முகத்தைப் பார்த்தது. ஆனால் றிஸ்னா அன்று முழுக்கப் பிள்ளையைத் தொடவில்லை. பால் கொடுக்கவும் நான்தான் மடியில் வைத்துவிட வேண்டும். அவளுடைய உள்ளங்கை தொடையில் மல்லாந்தபடி கிடந்தது, யாருடையதோ கை மாதிரி.

அன்றுதான் நான் குரூப்பில் வொயிஸ் போட்டேன். நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். ஒரு பிள்ளையைத் தூக்கக்கூட ஏலாதாம், நாங்கள் அஞ்சு பெற்றோம், இடியப்பம் பிழிந்தோம், கிணற்றில் தண்ணீர் அள்ளினோம், செல்லமாக வளர்ந்த கையில் பிள்ளை தங்குமா என்றெல்லாம் நான் பேசினேன். மூத்த ராத்தா பிள்ளையை வைத்துக்கொள்ளலாமே என்று முதலில் சொன்னதும் நான்தான். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்டதுதானே கண். உன்மேல் நான் குற்றம் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து, கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கிற நர்ஸ் மிஸ்ஸிதான் அவளுடைய கையைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற இடத்துக்குத் துண்டு கொடுத்தா. நானும் கூடப் போனேன். அங்கே வேலை செய்கிறது ஒரு தமிழ்ப் பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட பிள்ளை, றிஸ்னாவைவிட இரண்டு வயது கூட இருக்கும். பெருவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லி, சின்ன விரல் பக்கம் மெதுவாகச் சரிக்கச் சொன்னது. றிஸ்னாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை உடனே கையை விட்டுவிட்டு, நீலம் பாரித்திருந்த தோலைப் பார்த்தது.

"இத ஆரு இப்பிடி உரோஞ்சின?"

"நான்தான் மிஸ். நோகுதெண்டு நானே உரோஞ்சினேன்" என்று றிஸ்னா முந்திக்கொண்டாள்.

"ஒரு கையால மத்தக் கைய இவ்வளவு பலமா உரோஞ்ச ஏலுமா?"

"ஏலும் மிஸ்."

அந்தப் பிள்ளை என் கையைப் பார்த்தது. காலையில் பூசிய எண்ணெய் மணம் என் கையில் அப்படியே இருந்தது. நான் பையைத் திறந்து எதையோ தேடினேன், மகன். பையில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை றிஸ்னாவுக்குச் சொல்வதுபோல என்னைப் பார்த்துத்தான் எல்லாம் சொன்னது. பெண்ணின் உடம்பு பிள்ளை உண்டானதும் தன்னைத் தளர்த்திக்கொள்ளத் தொடங்குமாம். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கிற கட்டுகள் இளகும், பிள்ளை வெளியே வர வழி வேண்டுமே, அதற்காக. உடம்பே சுரக்கிற சத்துகளால்தான் அப்படி நடக்குமாம். அவை இடுப்புக்கு மட்டும் போய் நிற்காது, உடம்பு முழுக்கப் போகும். வயிறு முன்னே வளர வளர முதுகு பின்னே வளையும். வயிற்றின் நடுவில் தசை விலகிக் கொடுக்கும். உடம்பில் நீர் தேங்குவதால் மணிக்கட்டுக்குள் இடம் குறைந்து விரல் விறைக்கும். பாதம்கூடத் தட்டையாகி நீளும், சிலருக்குப் பிறகு பழைய அளவுக்கு வராது.

இதைக் கேட்டு எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு கல்முனை பஸாரில் நான் செருப்புக் கடைக்காரரோடு சண்டை போட்ட கதை உன் ராத்தாமாருக்குத் தெரியும். நான் எப்போதும் போடுகிற நம்பர், கால் உள்ளே போகவில்லை, நம்பரை மாற்றி ஒட்டி ஏமாற்றுகிறீர் என்று அந்த மனிசனைச் சபையில் வைத்து ஏசினேன். உன் வாப்பாதான் பின்னால் போய் மாப்புக் கேட்டுவிட்டு வந்தார். இப்போது அந்த இடத்தில் போன் கடை இருக்கிறது. நான் யாரிடம் போய் மாப்புக் கேட்க?

மணிக்கட்டைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுகிற மாதிரிப் பெருவிரலின் தசைநாண் ஒரு உறைக்குள் ஓடுகிறதாம். பிள்ளை பெற்ற உடம்பில் நாடா தடித்து, மடிப்பு இறுகி, இழுக்கும்போதெல்லாம் உரசுகிறது. கைக்குழந்தையைத் தூக்குகிற தாய்மாருக்கு இது அடிக்கடி வருகிறதுதானாம். கைக்கு ஓய்வும் ஒரு பட்டையும் கொடுத்து, தூக்குகிற விதத்தை மாற்றினால் அநேகமாகச் சரியாகிவிடும். உரோஞ்ச உரோஞ்ச நாடா இன்னும் தடிக்கும். தையல்காரரின் பெண்சாதிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அந்த மேசையில் இடுப்புக்குக் கட்டுகிற பெல்ட் ஒன்று இருந்தது. முன்பக்க எலும்பு நோகிற தாய்மாருக்காம். அகலம் ஒரு சாண் வரும். நான் அதை எடுத்து விரித்துப் பார்த்தேன். இனி நான் எழுதப்போவதை உங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

மகன், நீ என் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்தில் எனக்கு நடக்க ஏலாமல் போனது. அதே முன்பக்க எலும்பு. நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் படி இறங்குவேன். ஒரு காலைத் தூக்கி பஸ்ஸில் வைத்தால் உயிர் போய்த் திரும்பும். என் உம்மாவிடம் சொன்னேன். நடந்தால் சரியாகும், நெல்லுக் குத்து, வேலை செய்தால்தான் லேசாகப் பெறலாம் என்றா. அவவுக்கு அவ்வளவுதான் தெரியும். உன் வாப்பா தன் தையல் கடையிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுவந்து என் இடுப்பை அளந்தார். தடித்த சாரன் துணியை மூன்று மடிப்பாக மடித்துத் தைத்து, பழைய பையொன்றின் வாரைப் பிடுங்கிப் பூட்டாக வைத்து, ஒரு பட்டை செய்துகொண்டு வந்தார். "கட்டிப் பாரு. சட்டைக்குள்ள ஆருக்கும் தெரியாது" என்றார். மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று நான் ஏசி, அதைக் கட்டிலுக்குக் கீழே எறிந்தேன். அவர் கடைக்குப் போன பிறகு எடுத்துக் கட்டினேன். இரண்டு பக்க எலும்பையும் யாரோ கையால் சேர்த்துப் பிடித்த மாதிரி இருந்தது. நீ பிறக்கும்வரை ஒவ்வொரு நாளும் அவர் போன பிறகு கட்டி, அவர் வருவதற்கு முன் கழற்றினேன். சுகமாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. வாப்பா மௌத்தாகி எட்டு வருடம் ஆகிறது. இப்போதுதான் சொல்கிறேன், அல்லாஹ் அதை அவருக்குச் சேர்த்துவைக்கட்டும்.

ஒரு நாளும் நோவென்று படுக்கவில்லை என்று நான் சொல்லித் திரிந்தது பொய். படுத்தேன். அழுதேன். பட்டை கட்டினேன். நோவைச் சொன்னால் என் உம்மா என்னைச் சோம்பேறி என்பா என்று பயந்து மறைத்தேன். பயம் போன பிறகும் மறைத்ததே பெருமையாகிவிட்டது. அந்தப் பொய்யைக் கேட்டுத்தான் உன் ராத்தாமார் தங்கள் நோவை என்னிடம் சொல்லாமல் விட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அதைக் கேட்டுத்தான் றிஸ்னா கதிரையிலிருந்து இறங்கினாள். அந்தத் தளர்ச்சி இல்லையென்றால் நீ இந்த உலகத்துக்கு வந்திருக்க மாட்டாய். வெட்கப்பட அதில் என்ன இருந்தது? நன்றிதான் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அசர் தொழுத பிறகு நான் அவளிடம் கேட்டேன், ஏன்கா பொய் சொன்னாய் என்று.

"அந்த மிஸ் உங்களுக்கு ஏசியிருப்பா மாமி. ஊரெல்லாம் உங்கட கைய நம்பி வாற."

"அப்ப பதினொரு நாளும் நோகுதெண்டு ஏன் சொல்லல்ல?"

அவள் பட்டை போட்ட கையை எடுத்து மடியில் வைத்தாள். "நோகும்தான் மாமி. ஆனா எங்கட உம்மா போன மறுகா ஆரும் என்ட கையப் பிடிச்சிட்டு இரிந்ததில்ல. காலையில நீங்க எண்ணெயோட வருவீங்க. அதுக்காகப் பொறுத்துக்கொண்டிரிந்த."

இதை மகனுக்கு எழுதுவேன் என்று பிறகு சொன்னேன். "வேணாம் மாமி, அவருக்குச் சொல்லாதீங்க. தாய்க்கும் மகனுக்கும் நடுவில நான் நிக்க மாட்டன்" என்றாள். நீ நாலு நாள் அவளோடு கதைக்காமல் இருந்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, மகன். அவளுடையது மரியாதை. என்னுடையது அது இல்லை.

இப்போது பட்டை கழற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளை காட்டிக் கொடுத்தபடி, பெருவிரலை விரித்துக் கக்கத்தில் கொடுத்துத் தூக்காமல், இரண்டு உள்ளங்கையையும் மேல்நோக்கி வைத்து, தண்ணீரை ஏந்துகிற மாதிரிப் பிள்ளையை ஏந்தித் தூக்குகிறாள். முந்தாநாள் தானே பேசினிலிருந்து தூக்கி, தானே துடைத்தாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

பிள்ளை எங்கேயும் போகாது. மூத்த மகளே, தொட்டிலைக் கழுவி வைத்தாய், அல்லாஹ் உனக்கு நற்கூலி தரட்டும். வெள்ளிக்கிழமை நீ வா, சாப்பிட்டுவிட்டுப் போ. மகன், இன்றைக்கு நீ போன் எடுக்கும்போது பிள்ளையைக் காட்டு என்று முதலில் கேட்காதே. அவளுடைய கையைக் காட்டச் சொல். மற்றதை உனக்கே பேசத் தெரியும். லீவில் வந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டுவது உன் வேலை, தூக்குகிற விதத்தை உன் பெண்சாதியிடம் கேட்டுப் படி. அவள் செய்கிற எதுவும் உனக்குச் சுகமாக இருந்தால் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. வாப்பா விஷயத்தில் நான் விட்ட பிழையை நீ விடாதே.

எனக்கு இப்படி ஒரு மருமகளைத் தந்ததற்கும், வழியில் அந்தச் சிலுவை போட்ட பிள்ளையை வைத்ததற்கும் அல்லாஹ்வைப் புகழ்ந்து இதை முடிக்கிறேன். இந்தக் கொப்பியைப் படம் பிடித்து அனுப்ப எனக்குத் தெரியாது. றிஸ்னாதான் பக்கம் பக்கமாக எடுத்துக் குரூப்பில் போட வேண்டும், அதனால் உனக்கு முந்தி அவள் வாசிப்பாள். வாசித்துவிட்டு, என்னைக் காப்பாற்ற நினைத்து ஆஸ்பத்திரிப் பக்கத்தை விட்டுவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். அதற்காகத்தான் ஒவ்வொரு மூலையிலும் நம்பர் போட்டிருக்கிறேன். மொத்தம் பதினாறு பக்கம். எண்ணிப் பார், மகன். ஒன்று குறைந்தாலும் அவளிடம் கேட்டு வாங்கு.